பழம் உடைஞ்ச அன்னைக்கு

ஓம் சரவணபவ!

போன கிருத்திகை அன்னைக்கு எங்க வீட்டுல நடந்ததை எழுதறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனாலும் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல யாருக்காவது உதவும்னு தோணுது.

சாயங்காலம் பூஜை முடிஞ்சதும், மூணு வயசுப் பையனுக்கு வாழைப்பழம் உரிச்சுக் கொடுத்தேன். கொடுக்கும்போதே பாதியா உடைஞ்சிருச்சு. "ஒட்டிக் குடு"ன்னான். வேற பழம் நீட்டினேன். வேண்டாமாம், இதே பழம் முழுசா வேணுமாம். தரையில விழுந்து புரண்டான். விபூதித் தட்டைத் தட்டி விட்டான். அதட்டிப் பார்த்தேன், அடங்கல. கடைசியில முதுகுல ஒரு அடி வெச்சுட்டேன். ஒரு நொடி மூச்சு விடாம என்னையே பார்த்தான். அப்புறம் அழுது அழுது, விக்கிக்கிட்டே தூங்கிட்டான்.

அம்மா விபூதியைக் கூட்டி எடுத்துக்கிட்டே மெதுவா கேட்டாங்க: "மத்தியானம் முதலாளி அவ்வளவு திட்டினப்போ சரிங்க, சரிங்கன்னு நின்னேன்னு சொன்னியே கண்ணு. இவன்கிட்ட மட்டும் ஏன் பொறுக்க முடியல?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

திருக்குறளில் 31வது அதிகாரம் வெகுளாமை. அதோட முதல் குறள் சொல்ற கருத்து இதுதான்: நம்ம கோபம் பலிக்கிற இடத்துல அதைக் காக்கறவன்தான் உண்மையில கோபத்தைக் காத்தவன். பலிக்காத இடத்துல காத்தா என்ன, காக்காட்டி என்ன? யோசிச்சுப் பார்த்தா, முதலாளி முன்னாடி நான் காட்டினது பயம். அதைப் பொறுமைன்னு நானே பெருமையா நினைச்சுக்கிட்டேன். திருப்பி அடிக்க முடியாத ஒரு உயிர் முன்னாடிதான் என் பொறுமைக்கு உண்மையான சோதனை. அதுல நான் தோத்துட்டேன்.

"அடியாத மாடு படியாது"ன்னு சிலர் சொல்வாங்க. என் பையனும் அன்னைக்கு அடங்கினான்தான். ஆனா ரெண்டு நாள் கழிச்சு, பொம்மையைத் தரமாட்டேன்னு சொன்ன பக்கத்து வீட்டுப் பாப்பா முதுகுல அதே மாதிரி ஒரு அடி வெச்சான். நான் கத்துக்கொடுத்த பாடம் அதுதானே?

அப்போ கேட்டதெல்லாம் கொடுத்துடலாமா? அதுவும் தப்பு. இதுக்கு நம்ம பழனிக் கதையிலேயே வழி இருக்குன்னு நினைக்கறேன். ஞானப்பழம் கிடைக்கலைன்னு குழந்தை முருகன் கோவிச்சுக்கிட்டு மலை ஏறிட்டான். அம்மையும் அப்பனும் என்ன செஞ்சாங்க? பிள்ளையார்கிட்ட இருந்து பழத்தைப் பிடுங்கிக் கொடுக்கல. கோவிச்ச பிள்ளையை அடிக்கவும் இல்ல. அவன் இருந்த இடத்துக்கே தேடி வந்தாங்க. "பழம் நீயப்பா"ன்னு சமாதானம் சொன்னாங்க. முடிவு மாறல, ஆனா அன்பு நடந்து வந்துச்சு.

ஒண்ணுல இருந்து நாலு வயசு வரைக்கும் இந்த மாதிரி அடம் சகஜம். ஆசையையும் கோபத்தையும் அடக்கற மூளைப் பகுதி அந்த வயசுல வளர ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான். பசி, தூக்கம், அலுப்பு சேர்ந்தா இன்னும் மோசம். அன்னைக்கு என் பையன் மத்தியானம் தூங்கவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இப்போ அவன் புரண்டா, பக்கத்துல இடிபடற பொருளை நகர்த்திட்டு நானும் தரையில உக்காந்துக்கறேன். "முழுசா வேணும்னு ஆசை, உடைஞ்சிருச்சேன்னு கோவம், இல்ல?"ன்னு மட்டும் சொல்றேன். அடிக்க வந்தா கையை மெதுவா பிடிச்சுக்கறேன். முடியாதுன்னு சொன்னதை மாத்தறதில்ல. எனக்கே கோபம் ஏறினா, அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்துக்கச் சொல்லிட்டு வெளியே போய் ஆறெழுத்தைச் சொல்லிட்டு வரேன். தன்னையே காயப்படுத்திக்கிற குழந்தைன்னா, இல்ல வயசு ஏறியும் அடம் குறையலைன்னா, குழந்தை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.

அடிச்ச மறுநாள் காலையில, "அப்பா அடிச்சது தப்பு சாமி"ன்னு அவன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துட்டு, "பழம் ஒடைஞ்சு போச்சுப்பா"ன்னான். "ஆமா கண்ணு, ஒடைஞ்சு போச்சு"ன்னேன். மடியில வந்து உக்காந்துக்கிட்டான்.

நம்ம வீட்டுக் குழந்தை முன்னாடி நம்ம கோபத்தைக் காக்க அந்தக் குமரனே துணை இருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!