கொலைகாரன் இல்லாக் கொலை

கண்ணி வைத்தார் இல்லை. கவண் எறிந்தார் இல்லை. வில் வளைத்த வேடனும் இல்லை. எனினும், 2023ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையில் நிற்கும் மெக்கார்மிக் பிளேஸ் என்னும் ஒரே மாளிகையின் அடியில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மாண்டு கிடந்தன. குளிர் வருமுன் தென்திசை தேடிப் பறந்த சின்னஞ்சிறு குருவிகள்! இரவில் எரிந்த விளக்கு அவற்றை இழுத்தது. கண்ணாடி அவற்றைக் கொன்றது.

குற்றவாளி யார்? கட்டியவரா, விளக்கேற்றியவரா? "எவரும் எண்ணிச் செய்யவில்லை, பறவையின் விதி அது" என்று கூறிவிட்டு நகர்வது எளிது. நமக்குப் பழகிப்போன விடைதான்! தாழ்த்தப்பட்டவனைப் பார்த்தும் இதே விடையைத்தானே நூற்றாண்டுக் கணக்கில் ஓதினர்? கொல்லும் எண்ணம் இல்லை என்பது முதல் நாள் சாவுக்கு விடையாகலாம். காரணம் தெரிந்த பின்னும் மறுநாள் அதே கண்ணாடியின் அடியில் உடல்கள் விழுமானால், அங்கே அறியாமை என்னும் திரை கிழிந்துவிடுகிறது. அறிந்தவனுக்குக் கடமை உண்டு என்கிறோம் நாம்.

அறியச் செய்தவர் யார்? அந்நகரத்துப் பீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்டு, 1978இல் அதே மாளிகையின் அடியில் விழுந்த பறவைகளைப் பொறுக்கி எண்ணத் தொடங்கினார். 2003இல் தொண்டர் படையொன்றும் எழுந்தது. பறவைகள் வலசை போகும் பருவங்களில், விடியற்பொழுதில், வலையும் காகிதப் பையும் ஏந்தி அவர்கள் தெருத்தெருவாக நடக்கின்றனர். உயிருள்ள பறவையைப் பைக்குள் இருளில், அமைதியில் வைத்து மருத்துவம் பார்ப்போரிடம் சேர்க்கின்றனர். நீர் புகட்டுவதில்லை, கொஞ்சுவதுமில்லை. செத்ததையும் விடுவதில்லை. குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்புகின்றனர்.

செத்த குருவிக்குக் கணக்கா என்று நகைப்போர் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். அவன் நெஞ்சம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மயிலுக்குப் போர்வை தேவைதானா என்று அவன் கேட்டானில்லை. இவர்கள் கேட்டனர்! அழுது புதைத்திருந்தால், ஆண்டுதோறும் அழுகைதான் மிஞ்சியிருக்கும். எண்ணி எழுதியதால் எந்தச் சாளரம், எந்த விளக்கு என்பது புலனாயிற்று. அம்மாளிகையில் ஒளிரும் சாளரப் பரப்பை அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தால் சாவு ஏறத்தாழ 60 விழுக்காடு குறையும் என்று 2021இல் வெளியான ஆய்வு கூறிற்று. எனினும், ஒரே நாளில் ஆயிரம் விழுந்த பிறகுதான் கண்ணாடிக்கு மருந்து வந்தது. 2024 கோடையில், சிறு சிறு புள்ளிகள் கொண்ட மெல்லிய படலத்தை ஒட்டினர். அன்றுவரை வானத்தையும் மரத்தையும் காட்டி ஏய்த்த கண்ணாடி, புள்ளி ஏறியதும் தடையெனத் தெரிந்தது; பறவை விலகிச் சென்றது. அவ்வாண்டு இலையுதிர் பருவத்தில் சாவு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. விதியை மாற்ற வேள்வி வேண்டியிருக்கவில்லை, புள்ளி போதுமானதாயிற்று! எண்ணத் தொடங்கிய ஆண்டுக்கும் ஒட்டிய ஆண்டுக்கும் இடையே 46 ஆண்டுகள்.

மாளிகைக்காரர்களை மட்டும் ஏசிவிட்டு நாம் உறங்கச் செல்ல முடியாது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி மடிவதாக 2014இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் வானளாவும் மாடங்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எஞ்சியவை, குடியிருக்கும் வீடுகளிலும் உயரம் குறைந்த கட்டடங்களிலும் நிகழ்பவை. அந்தச் சாளரங்களின் அடியில், விடியலில், எண்ணுவதற்கு ஆள் ஏது?