சும்மா வந்தேன்

மாதத்தின் முதல் தேதி விடிந்ததும் ஆந்திர கிராமங்களில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். அரசின் கிராம அலுவலக ஊழியர் கையில் ரேகைக் கருவியோடு வாசலில் நிற்பார். பென்ஷன் வாங்கும் பாட்டி கட்டைவிரலை வைப்பாள். களையெடுத்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரல். ரேகை லேசில் விழாது. முந்தானையில் துடைத்து மறுபடி வைப்பாள், இன்னொரு விரலை வைப்பாள். கருவி ஒருவழியாக ஒப்புக்கொண்டதும் நாலாயிரம் ரூபாய் கைக்கு வரும். முதியோர் பென்ஷன் 2024 ஜூலையிலிருந்து இந்தத் தொகைதான். "உட்காருப்பா, காபி போடறேன்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊழியர் அடுத்த வாசலில் இருப்பார். அவர்மேல் தவறில்லை. அன்றைக்கு அவர் ஏற வேண்டிய படிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய வடமாலபேட்டையிலும் இந்தக் காட்சி மாதந்தோறும் உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வரும் எல்லைப் பகுதி இது. திருப்பதி – சென்னை நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்தச் சாலையில் பஸ் ஏறித்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஊரில் ஒரு வீட்டில் தாய் தனியாக. நகரத்தில் ஒரு வாடகை அறையில் மகன் தனியாக. இந்த இரண்டு கதவுகளையும் முன்வைத்து ஓர் அறக்கேள்வி எழுகிறது. தனித்திருப்பவரின் கதவைத் தட்டுவது மற்றவர்களின் கடமையா? அல்லது, கேட்காமல் தட்டுவதே அத்துமீறலா?

இந்தக் கேள்வியை மிக விசித்திரமான வடிவத்தில் எழுப்பிய படம் ஒன்று உண்டு. 2008இல் வந்த 'டோக்கியோ!'. மிஷேல் கோந்த்ரி, லியோஸ் காராக்ஸ், பொங் ஜூன் ஹோ என்று மூன்று இயக்குநர்கள், மூன்று தனிக்கதைகள், ஒரே பெருநகரம். மூவருமே அந்த நகரத்துக்கு வெளியாட்கள்.

கோந்த்ரியின் கதையில் காதலனோடு டோக்கியோவுக்கு வந்த ஹிரோகோ என்ற பெண், தோழியின் சின்ன அறையில் ஒண்டிக்கொள்கிறாள். தங்க வீடு கிடைக்கவில்லை. அவளுக்கென்று ஒரு லட்சியம் இல்லை என்பது காதலனின் குறை. ஒருநாள் காலையில் அவள் நெஞ்சில் ஓர் ஓட்டை தெரிகிறது. கால்கள் மரக்கால்களாகின்றன. நடுத்தெருவில் அவள் நாற்காலியாகிவிடுகிறாள். யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அவர் இருக்கும்போது நாற்காலி. வெளியே போனதும் மனுஷி. தன் வாழ்க்கையில் இவ்வளவு பயனுள்ளவளாக இருந்ததே இல்லை என்று அவள் நிம்மதி அடைகிறாள்.

இதைப் பார்த்துச் சிரிக்க வராது. வேலை போய்விட்டது, காதல் முறிந்தது என்று நடைமுறைக் காரணங்களோடு கதை சொல்லியிருந்தால், பார்ப்பவர்கள் அந்தக் காரணங்களைப் பேசித் தீர்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நாற்காலியைப் பேசித் தீர்க்க முடியாது. ஆளுக்கு மதிப்பே அவரால் என்ன பயன் என்பதை வைத்துத்தான் என்று ஒரு சமூகம் முடிவு செய்தால், அங்கே தனித்துப்போன மனிதர் ஒரு பொருளாக மாறுவதே புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது. "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். அந்தச் சொல்லைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

பொங் ஜூன் ஹோவின் கதையில் ஒரு மனிதர் பத்து வருடமாக வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. அப்பா அனுப்பும் பணம், தொலைபேசியில் சொன்னால் வாசலுக்கு வரும் சாப்பாடு, சுவரோடு சுவராக அடுக்கிய காலிப் பெட்டிகள். பணம் கொடுக்கும்போதுகூட எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார். ஒருநாள் பீட்சா கொண்டுவந்த பெண்ணைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்துவிடுகிறார். அந்தக் கணமே பூமி அதிர்கிறது. பிறகு அந்தப் பெண்ணே வெளியே வராமல் வீட்டில் அடைந்துவிட்டாள் என்று தெரிந்ததும், அவர் பத்து வருட வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கித் தெருவில் ஓடுகிறார். போய் நின்றால், நகரம் முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடக்கின்றன.

இப்படி அடைந்து கிடப்பவர்களை ஜப்பானில் 'ஹிக்கிகோமோரி' என்கிறார்கள். அங்கே 15 முதல் 64 வயதுக்குள் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் இப்படி இருப்பதாக 2023இல் அந்த நாட்டு அரசே கணக்கிட்டுச் சொன்னது. தனிமைக்கென்று பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் அமைச்சர்களை நியமித்தன. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகளில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. உடலைக் கொல்லும் ஒன்றை ஒருவரின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. தட்டுவது கடமை என்று வாதிடுபவர்களின் வலுவான ஆதாரம் இதுதான்.

எதிர்வாதம் இதைவிட இளைத்ததில்லை. தனியாக இருப்பவர் எல்லாரும் தவித்துக்கொண்டிருப்பவர் இல்லை. தனிமை வேறு, ஏகாந்தம் வேறு என்று நம் மொழிக்கே தெரியும். கிராமத்தின் தட்டல் எப்போதும் அன்பான தட்டலாகவும் இருந்ததில்லை. "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற விசாரிப்புக்குள் "எந்த சாதி?" என்ற கேள்வி ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். கணவனை இழந்தவளின் வாசலையும், கல்யாணம் தள்ளிப்போனவளின் வாசலையும், சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களின் வாசலையும் ஊர் எதற்காகத் தட்டியது? வேவு பார்க்கத்தான் அதிகம். அந்தக் கண்களிடமிருந்து தப்பித்துப் பஸ் ஏறியவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத நகரம் மூச்சுவிட இடம் கொடுத்தது. அவர்களிடம் போய்ப் பழைய ஊர்க்கட்டின் அருமையைப் பாடுவது அநியாயம்.

அதனால், தட்டுவதா வேண்டாமா என்று கேட்பதோடு நின்றால் விடை கிடைக்காது. எதற்காகத் தட்டுகிறோம் என்று கேட்க வேண்டும். வேவு பார்க்க வருபவருக்குத் தகவல் வேண்டும். பொருள் கொண்டுவருபவருக்குக் கையெழுத்து வேண்டும். பென்ஷன் தருபவருக்கு ரேகை வேண்டும். இவர்களில் பின்னவர் இருவர் செய்வது நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் கதவைத் திறந்தவர் வேலை முடிந்ததும் தேவையற்றவர் ஆகிவிடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போவது போல.

சட்டமும் இதற்கு மேல் போக முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பெற்றவர்கள் ஜீவனாம்சம் கேட்டு வாங்க அது வழி செய்கிறது. மாதப் பணத்துக்கு உத்தரவு போடலாம். பக்கத்தில் வந்து உட்கார் என்று உத்தரவு போட்டால், வந்து உட்காருபவர் உத்தரவுக்காகத்தானே உட்காருவார்?

பக்கத்தில் ஆட்கள் இருந்தாலே போதும் என்றும் இல்லை. ஹலிதா ஷமீம் இயக்கி 2019இல் வந்த 'சில்லுக்கருப்பட்டி' நான்கு கதைகள் சேர்ந்த தமிழ்ப் படம். அதன் கடைசிக் கதையில் கணவன், குழந்தைகள் எல்லாரும் இருக்கும் வீட்டிலேயே ஒரு பெண் தனித்துப்போகிறாள். வீட்டுக்கு வரும், சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லும் ஒரு கருவியோடு பேசத் தொடங்குகிறாள். இங்கே மாயம் எதுவும் இல்லை. ஆனாலும் டோக்கியோவின் நாற்காலிக்கும் இந்தச் சமையலறைக்கும் தூரம் அதிகமில்லை. அங்கே மனுஷி பொருளாகிறாள். இங்கே ஒரு பொருள் மனிதரின் இடத்துக்கு வருகிறது. பூட்டிய அறையும் பெருநகரமும் இல்லாமலே தனிமை வரும் என்பதற்கு அவளே சாட்சி. அவளை வீட்டில் எல்லாருக்கும் வேண்டும், வேலைக்காக. அவளுக்காக அவளிடம் வருபவர்தான் இல்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், "சும்மா வந்தேன்" என்போம். வடமாலபேட்டைப் பக்கத்தில் அதையே தெலுங்கில் 'ஊரிகே' என்பார்கள். கடன் கேட்க வரவில்லை, பத்திரிகை வைக்க வரவில்லை, துப்புத் துலக்கவும் வரவில்லை. உங்களைப் பார்க்க வந்தேன், அதுவே காரணம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஒரு மனிதருக்கு அவர் பயனைத் தாண்டி மதிப்பு உண்டு என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது. சும்மா வருபவர், கதவு திறக்காவிட்டால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. "சரி, அப்புறம் வரேன்" என்று திரும்புவார், சொன்னபடி மறுபடியும் வருவார். ஏகாந்தத்தை விரும்புகிறவரின் உரிமையும் தவிப்பவரின் தேவையும் அந்த ஒரே வருகையில் காப்பாற்றப்படுகின்றன. திறப்பது உள்ளே இருப்பவரின் உரிமை. மறுபடி வருவது வெளியே இருப்பவரின் கடமை.

இந்தக் கடமைக்குச் சம்பளமும் கிடையாது, கணக்கும் கிடையாது. அதனாலேயே தள்ளிப்போட எளிதானது. நேரமில்லை என்பது பல சமயம் உண்மையான காரணம்தான். ஆனால் நாள் முழுக்கக் காரியத்துக்காகவே கதவுகளைத் தட்டிப் பழகிய கைக்கு, காரியமில்லாமல் தட்டக் கூச்சமாகவும் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைத் தாண்ட வேண்டும். ஒன்றாம் தேதி வாசலில் நிற்பவருக்கு அவசரம் உண்டு. பதினைந்தாம் தேதி போகிறவருக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. பாட்டி போடும் காபி ஆறும்வரை உட்கார்ந்திருக்க அவரால் முடியும்.