துருவேறிய காரும் விவேகமும்



தகப்பனாரோ பாட்டனாரோ ஓட்டிய பழைய கார் ஒன்று பல வீடுகளின் கொட்டகையில் துருவேறிக் கிடக்கிறது. அது உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடராயிருக்கலாம். 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டாயிருக்கலாம். அதைப் புதுப்பிப்பதா, காயலான் கடைக்குப் போடுவதா என்று வீட்டார் வாதாடுகிறார்கள். இது பணக் கேள்வி மட்டுமா? அன்று. நேசிக்கும் பொருளை எவ்வாறு நேசிக்கவேண்டும் என்னும் ஒழுக்கக் கேள்வியுமாகும்.

"வெறும் இரும்புதானே!" என்பார் ஒரு சாரார். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இவர்கள் மறக்கிறார்கள். "அப்பா ஓட்டிய வண்டிக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்பார் மறு சாரார். அன்பு உண்மையை ஆராயத் தேவையில்லை என்று இவர்கள் நினைக்கிறார்கள். இரு சாராரும் தவறுகிறார்கள். அன்பு ஒரு காரியத்தை விரும்பும். அது தகுமா, இயலுமா என்று தீர்மானிப்பது விவேகமேயாகும்.

அந்த விவேகம் மூன்று கேள்விகளைக் கேட்கும்.

முதலாவது, பொருளின் உண்மை நிலை என்ன? இரும்பு, ஈரத்தோடும் காற்றிலுள்ள பிராணவாயுவோடும் சேர்ந்து துருவாகிறது. மேலாகப் படிந்த துருவைத் தேய்த்தெடுக்கலாம். தகட்டைத் துளைத்த துருவுக்கோ, அப்பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே மார்க்கம். ஆகையால் பெயிண்டின் பளபளப்பைப் பாராதேயுங்கள். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது பிடிக்காத இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறது என்று அறியலாம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றிவிட்டு அதைச் சோதிக்கலாம். அம்பாஸடருக்கோ பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அதன் அடித்தளம் அரித்திருந்தால் அது அழகுக் குறைவன்று. ஏறுகிறவர்களின் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, யாருடைய பணம்? இத்தகைய வேலைக்குச் செலவிட்ட தொகை விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சொந்த மிச்சத்திலிருந்து செலவிடுகிறவனைக் குறைகூற நியாயமில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கும், கடன் கொடுத்தவனுக்கும் சேரவேண்டியதை டிங்கரிங் பட்டறையில் கொட்டுவது அன்பாகுமா? துருவைப் பட்டியால் மூடி, அறியாதவன் தலையில் கட்டுவதோ பச்சையான வஞ்சகம்.

மூன்றாவது, எதைக் காப்பாற்றப் போகிறோம்? ஏதென்ஸ் நகரத்தார் வீரன் தெசேயுவின் கப்பலைப் பேணி, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தார்கள் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் தர்க்கித்தார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். நம் கொட்டகையிலும் அதே கேள்வி எழுகிறது. தரை, கதவு, எஞ்சின், இருக்கை யாவற்றையும் மாற்றிவிட்டால் தகப்பனார் கைபட்டது எது மிஞ்சும்? நம் நாட்டில் 2021-இல் வந்த விதியும், 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி ஆதி உருவிலேயே உள்ள வண்டியையே பழம்பெரும் வாகனமாக ஏற்கிறது. நினைவுக்காக ஒரு வண்டியைக் காக்கிறவன் எவ்வளவு மாற்றலாம் என்பதைவிட, எவ்வளவை மாற்றாமல் விடலாம் என்றே முதலில் யோசிக்கக் கடவான்.

இக்கேள்விகளுக்குப் பிறகு மூன்று வழிகள் உண்டு. இயலுமானால் செப்பனிடலாம். இயலாவிடில், ஈரம் படாமல் மூடி, உள்ளபடியே காத்துவைக்கலாம். அதுவும் இயலாவிடில், குறைகளை மறைக்காமல் சொல்லி, வல்லவன் ஒருவனிடம் ஒப்படைக்கலாம். அவன் அதன் பாகங்களால் வேறொரு வண்டியை உயிர்ப்பித்தாலும் நன்றே. இம்மூன்றும் கௌரவமான வழிகள்.

கௌரவமற்ற வழி ஒன்றே: "பிறகு பார்க்கலாம்" என்பது. அப்படிச் சொல்லுகிறவன் தன்னைத் தீர்மானம் செய்யாதவனாக எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவன் தீர்மானத்தைத் துருவினிடம் ஒப்படைத்துவிட்டான். அதுவோ மழைதோறும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தகப்பனாரின் வண்டியை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதைத் தரையோடு தரையாக மக்கவிடுவது எவ்வகை மரியாதை?

ஆகவே, நேயரே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு வண்டி இருந்தால், இந்த வாரமே கொட்டகையைத் திறந்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். கண்டதை வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பின்பு எல்லோரும் கூடி ஒரு முடிவு செய்யுங்கள்.