விளக்கு எரிந்தால் போதுமா?

கோவிலம்பாக்கத்தில் ரேடியல் சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழுந்தபடியே இருக்கின்றன. அங்கே ஒயர் இழுத்தே தொழில் கற்றவருக்கும் தமிழக அரசு ஒரு வாசல் வைத்திருக்கிறது: மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயதும் ஒயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவமும் இருந்தால் எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது.

இத்தனை அனுபவம் இருக்கையில் தேர்வு எதற்கு?

எர்த் கம்பி இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், கூலியும் கைக்கு வரும். குறை தெரிவது, கீசரின் உடலில் மின்சாரம் ஏறும் நாளில்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். அந்த 16-இல் 500-இல் ஒரு பங்குகூட இல்லை இந்தக் கசிவு. ஆனால் உயிரைப் பறிக்க அதைவிடச் சற்றுக் கூடுதலே போதும்.

பழக்கம் 'இப்படிச் செய்' என்கிறது, தேர்வு 'ஏன்?' என்கிறது. இரண்டையும் அறிந்தவரை நம்பி மெயின் பெட்டியைத் திறந்துவிடலாம்.