மரித்தவர் கொடையும் கொடுத்தவர் கருத்தும்

கோயில் மணிக்கென்று ஒருவர் கொடுத்த காசைத் தேர்ச் செலவுக்கு எடுக்கலாமா? தேரும் நல்ல காரியந்தானே என்பீர்கள். ஆயினும் கூடாது. கொடுத்தவருடைய கருத்து அந்தக் காசோடு கூடவே வருகிறது. மரித்தவர்கள் கொடுத்துச் சென்ற சரீரப் பாகத்துக்கும் இந்த நியாயம் செல்லுமா?

மூப்பு சிலருடைய ஞாபகத்தை அழித்து, சிலருடையதை விட்டுவைப்பது ஏன் என்றறிய, 1986-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோட்டர் டாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரிகள், மரித்தபின் தங்கள் மூளையை இதற்குக் கொடுக்க மனமுவந்து சம்மதித்தார்கள். அவர்களுள் ஒருவர் 101 வயதுவரை தெளிந்த புத்தியோடிருந்தார். அவருடைய மூளையிலோ அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் மிகுதியாயிருந்தன!

இத்தகைய புதிர்களுக்கு விடை தேடுவோர், பாடம் செய்து வைத்த திசுவிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை மீட்கிறார்கள். வேலை எளிதன்று. திசுவை அழுகாமல் காக்கும் பார்மலினே டி.என்.ஏ.வைப் புரதங்களோடு பிணைத்துவிடுகிறது. காலப்போக்கில் அது துண்டு துண்டாகிறது. மெழுகைக் கரைத்து, நொதியால் புரதத்தைச் சிதைத்து, சூடுகாட்டிப் பிணைப்பை அவிழ்த்தால், வாசிக்கத்தக்க சிறு துண்டுகள் கிடைக்கும்.

இதில் பாவமுண்டா? பிறருக்குப் பார்வை கிடைக்கும்படி மரித்தவர் கண்ணிலிருந்து கருவிழிப் படலத்தை எடுப்பது குற்றமன்று என்று 1956-ல் பாப்பானவர் 12-ம் பத்திநாதர் போதித்தார். ஆனால் மனித சரீரத்தை வெறும் பொருளாக எண்ணலாகாதென்றும் சொன்னார். அறிவைத் தேடுவதும் பிறர்சிநேகமே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மூளை ஒருவருடையது, மரபுப் பொருளோ அவருடைய குடும்பத்தாருக்கும் உரியது. கன்னியாஸ்திரிக்குப் பிள்ளைகள் இல்லாவிடினும், உடன்பிறந்தாரும் அவர்கள் மக்களும் உண்டு. அவருடைய சம்மதம் அவர்களுடைய சம்மதமாகிவிடாது.

"செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்பார் சிலர். கேட்க முடியாதவரிடம் பட்ட கடன் தள்ளுபடியாவதில்லை, முன்னிலும் கண்டிப்பாகிறது. ஆகவே, மூப்பின் காரணத்தை அறியவே அந்தத் திசுவை ஆராய்ந்தால், அது கொடுத்தவர் கருத்துக்கு இசைந்ததே. வேறொரு நோக்கத்துக்கு எடுப்பதானால், அவர் இடத்தில் நிற்பவரைக் கேட்கவேண்டும். குடும்ப இரகசியம் வெளிப்படாமல் காக்கவேண்டும். மீந்ததை மரியாதையோடு அடக்கம் செய்யவேண்டும்.

நாமும் சரீரதானம் செய்ய நினைத்தால், எதற்காகக் கொடுக்கிறோமென்று எழுதி, வீட்டாருக்கும் சொல்லி வைப்போம்.