தண்ணீர்ப் பந்தலும் கழிப்பறையும்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று நற்செய்தி நம்மை யாக்கோபின் கிணற்றடிக்கு அழைத்துப்போகிறது. உச்சிவேளை. நடந்து களைத்த இயேசு, சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தீட்டு என்று தம் மக்கள் ஒதுக்கிவைத்த இனத்தவளின் பாத்திரத்தில் குடிக்க அவர் தயங்கவில்லை.

தாகம் மதுரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. சித்திரைத் திருவிழா வந்தால் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் போடுகிற ஊர் இது. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் வந்து உட்காரும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் குடிக்காத அக்காமார் உண்டு. குடித்தால் ஒதுங்க வேண்டும். போகிற இடம் சுத்தமாக இருக்குமா, விளக்கு எரியுமா, தடவைக்கு எவ்வளவு கேட்பார்கள்? வீடு போகும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் இப்படித்தான் வருகின்றன. மாதவிடாய் நாட்களில் இன்னும் கொடுமை. எத்தனை தண்ணீர்ப் பந்தல் போட்டாலும் இந்தத் தாகம் தீராது.

தண்ணீர் கொடுப்பதைப் புண்ணியமாக நினைக்கும் நாம், கழிப்பறை கட்டித் தருவதை அப்படி நினைத்ததே இல்லை. பீடத்தருகே நின்று சாமி இதையெல்லாம் பேச வேண்டுமா என்று இப்போதுகூடச் சிலருக்குத் தோன்றலாம். இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். பாளையத்துக்கு வெளியே இடம் ஒதுக்கி, குழி தோண்டி, கழிவை மண்ணால் மூடச் சொல்கிறது. ஆண்டவர் பாளையத்துக்குள் நடமாடுகிறார் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம்.

2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய குடிநீரையும் கழிப்பிட வசதியையும் ஒரே தீர்மானத்தில் மனித உரிமையாக ஏற்றது. பொலிவியா கொண்டுவந்த அத்தீர்மானத்தை இந்தியா உட்பட 122 நாடுகள் ஆதரித்தன. ஏழைக்குத் தண்ணீரை மறுப்பது அவருடைய வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் எழுதினார். உரிமை என்று ஆனபின், பூக்கார அம்மா யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை.

சரி, அந்தக் கழிப்பறையைக் கழுவுவது யார்? கழிவை அள்ளுவது யார்? 2022 ஏப்ரலில், மதுரை நேரு நகரில் கழிவுநீரேற்று நிலையத்தில் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013லேயே வந்துவிட்டது. அவர்கள் இறந்தது, உயிர்ப்புப் பெருவிழா முடிந்து நாம் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த அதே வாரத்தில். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நம் கோவில் வளாகக் கழிப்பறைகள் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. பங்குப் பேரவையில் பேசி முடிவெடுத்துவிட்டோம். நாளை முதல் விடியற்காலையிலேயே திறந்திருக்கும். விளக்கு, தண்ணீர், சோப்பு, மூடியுள்ள குப்பைத்தொட்டி எல்லாம் இருக்கும். காசு கிடையாது. வருகிறவர் எந்த மதம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கழுவும் வேலையை மட்டும், வழக்கம்போல ஏதோ ஒரு தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒப்படைக்க நான் சம்மதிக்கவில்லை. அன்பியங்கள் முறைவைத்துச் செய்யட்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிற நான்தான் முதல் வாரம். அடுத்த வாரங்களுக்கு, திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். ஆண்களின் பெயர்கள் முதலில் வரட்டும்.