பெற்றோர் காப்பீடும் பயன் கருதாக் கடமையும்

நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலையோரக் கணினி நிறுவனங்களில் பணியாற்றி, சொந்த ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பவர், வருமான வரிச் சட்டத்தின்படி, பழைய வரிமுறையைத் தேர்ந்திருந்தால், 60 வயது கடந்த பெற்றோருக்கான பிரீமியத்தை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தம் வருமானத்திலிருந்து கழிக்கலாம். திரும்பக் கிடைப்பது அத்தொகையன்று, அதன்மீதான வரி மட்டுமே. பயன் கருதாச் செயலைக் கீதையும் திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரமும் உயர்த்திப் பேசுவதால், சலுகையோடு செய்யும் பெற்றோர் பேணல் அறமாகுமா என்னும் வினா எழுகிறது. புதிய வரிமுறையில் இக்கழிவு இல்லை. அதற்கு மாறிய பின்னரும் பிரீமியம் செலுத்துபவரிடம் சலுகை வெறும் துணையாகவே இருந்திருக்கிறது.

டிடக்டிபிள், அதாவது காப்பீட்டு நிறுவனம் கொடுக்கத் தொடங்குமுன் குடும்பமே ஏற்க வேண்டிய தொகை, இதனினும் கடுமையான அறக்கேள்வியை எழுப்புகிறது. பிரீமியத்தைக் குறைக்க அதனை உயர்த்தும் பிள்ளை, அத்தொகையைத் தனியே சேர்த்து வைக்காவிடில், அச்சிக்கனத்தின் விலையை மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் தாயின் உடலே செலுத்த நேரும். அமெரிக்காவிலுள்ள வரிவிலக்குப் பெற்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு போன்றதொரு ஏற்பாடு இந்தியாவில் இல்லாமையால், அந்தச் சேமிப்பு முழுவதும் பிள்ளையின் மனச்சான்றிடமே விடப்பட்டிருக்கிறது.